வேம்பில் இருந்த கீறல்

வறண்டு கிடந்த குளத்தங்கரையில், ஒரு புதருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, சடையன் என்ற கரடி வேப்பமரத்தை முறைத்துக்கொண்டிருந்தான். மரத்தின் மேல் மினுக்கன் என்ற மரநாய் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தான். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சடையனுக்குத் தோன்றியது.

அவனுக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். தண்ணீர் தெளிவாக இருந்தால், ஏன் இவ்வளவு தெளிவு என்பான். கலங்கியிருந்தால், எவன் கலக்கினான் என்பான். அப்படியொரு பிறவி!

ஆனால் இந்தத் தடவை சந்தேகப்படக் காரணமும் இருந்தது. ஆனி முடிந்தும் ஒரு சொட்டு மழை இல்லை. நாவல் காய்க்கவே இல்லை. அத்திப் பிஞ்சு அத்தனையும் உதிர்ந்துவிட்டது. காட்டில் எல்லாருக்கும் விலா எலும்பு தெரிந்தது. செவந்தி என்ற மான் போன மாதம்தான் குட்டி போட்டிருந்தாள். தின்ன ஒன்றும் இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் அந்த வேம்பின் நிழலிலேயே சுருண்டு கிடந்தது. இப்படிப்பட்ட பஞ்சத்தில் ஒருவன் மட்டும் உருண்டு திரண்டு, ரோமம் பளபளக்கத் திரிந்தால் யாருக்குத்தான் கண்ணை உறுத்தாது?

அதைவிடப் பெரிய விஷயம், அந்த மரத்தில் கீறல் இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தக் காலத்திலோ எட்டிப் பழத்தைத் தின்று ஒரு கூட்டமே செத்துப்போனதாம். அன்றிலிருந்து, தின்னக்கூடாத மரம் என்று யாருக்காவது தெரிந்தால் அதன் அடியில் நகத்தால் கீறிவிட வேண்டும். கீறல் உள்ள மரத்தில் மற்றவர்கள் வாய்வைக்கக் கூடாது. யார் கீறியது, எதற்குக் கீறியது என்று எவரும் கேட்பதில்லை. கீறல் என்றால் கீறல்தான். காட்டில் இருந்த அந்த ஒரே வேம்பின் அடியிலும் நாலு கோடு இருந்தது. கடைசிக் கோட்டுக்கு முன்னால் மட்டும், பல் விழுந்த வாய் மாதிரி ஓர் இடைவெளி.

மினுக்கன் போன வருஷம்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தவன். புதிதாக வந்தவன், கீறல் மரத்தில் ஏறித் தின்கிறான், சாகவும் இல்லை. இது எப்படி?

சடையன் யோசனையோடு வலது முன்னங்காலால் காதைச் சொறிந்தான். அந்தக் காலில் அவனுக்குப் பிறவியிலேயே ஒரு நகம் கிடையாது. எவ்வளவு சொறிந்தாலும் ஒரு வரி அரிப்பு மிச்சம் இருக்கும். அதனால் அவன் எப்போதும் பாதிக் கோபத்திலேயே இருந்தான்.

மேலே இருந்த மினுக்கன் அவனைப் பார்த்துவிட்டான். "கரடியண்ணே, பசியோட ஏன் நிக்கிறீங்க? ஒண்ணு தின்னு பாருங்க!" என்று மஞ்சளாகப் பழுத்த ஒரு பழத்தைக் கீழே போட்டான்.

சடையன் அதைத் தொடவில்லை. கேட்காமலே கொடுக்கிறான் என்றால் உள்நோக்கம் இல்லாமலா இருக்கும்? தவிர, வேப்பம்பழம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? குட்டியாக இருந்தபோது அம்மா ஒரு பழத்தை வாயில் ஊட்டினாள். நாக்கெல்லாம் கசந்து, குமட்டி, அன்றைக்கு அவன் அழுத அழுகையில் காடே திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

மினுக்கன் இறங்கிப் போனான். சடையன் சுற்றுமுற்றும் பார்த்தான். பழத்தை முகர்ந்தான், உருட்டினான், மறுபடியும் முகர்ந்தான். விஷமா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நுனி நாக்கில் வைத்தான்.

இனித்தது! முதலில் வழவழவென்று ஓர் இனிப்பு. அப்புறம் அடித்தொண்டையில் லேசாக ஒரு கசப்பு. அந்தக் கசப்பு போவதற்குள் நாக்கு இன்னொன்று கேட்டது. சந்தேகம் தீர இன்னொன்று தின்றான். தீரவில்லை. மரத்தடியில் உதிர்ந்து கிடந்ததையெல்லாம் நக்கித் தின்று முடித்தபோது அவன் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

வேம்பு எப்படி இனிக்கும்? அன்றைக்குக் கசந்த பழம் இன்றைக்கு இனித்தால், நடுவில் எவனோ கைவரிசை காட்டியிருக்கிறான் என்றுதானே அர்த்தம்! மினுக்கன்தான் தேனோ என்னவோ ஊற்றி மரத்தையே மாற்றிவிட்டான். மற்றவர்கள் கிட்டே வரக்கூடாது என்று கீறலையும் அவனே போட்டிருக்கிறான். சடையனுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. தன்னுடைய நாக்கைத் தவிர காட்டில் உள்ள எல்லாவற்றையும் அவன் சந்தேகப்பட்டாயிற்று.

மறுநாள் காலையில் மரத்தடியில் கூட்டம் கூடியது. நடுவில் கொம்பையா என்ற காட்டெருமைத் தலைவர் நின்றார். சடையன் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். பஞ்ச காலத்தில் பழத்தைப் பதுக்கிய துரோகியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்த வேண்டும் என்றான். அங்கே இப்போது செந்நாய்க் கூட்டம் குடியேறியிருந்தது. போனால் மரநாய் ஒரு பொழுதுகூடத் தாங்க மாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். பசியில் இருந்தவர்களுக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. துரத்து, துரத்து என்று முணுமுணுப்பு கிளம்பியது.

மினுக்கன் கூட்டத்தின் நடுவே வந்தான். எங்கள் காட்டில் கீறல் வழக்கமே கிடையாது, பழுத்தால் தின்போம், பசித்தவனைக் கண்டால் கூப்பிடுவோம், அவ்வளவுதான் தெரியும் என்று அழாத குறையாகச் சொன்னான். பிறகு தன் சின்னக் காலை எடுத்துக் கீறலின்மேல் வைத்துக் காட்டினான். ஒரு கோட்டுக்குள்ளேயே அந்தக் கால் முழுசாக அடங்கிவிட்டது.

"ஏமாத்துறான்!" என்று சடையன் முன்னால் பாய்ந்தான். "ஒரே இழுப்புல இழுத்திருக்க மாட்டான். ஒவ்வொண்ணா, கொஞ்சம் கொஞ்சமா இழுத்திருப்பான். எப்படின்னு நான் காட்டுறேன், எல்லாரும் பாருங்க!"

தன் வலது காலை ஓங்கிக் கீறலின்மேல் வைத்தான்.

நாலு நகமும் நாலு கோட்டில் போய்ப் பொருந்தி உட்கார்ந்தன. நகம் இல்லாத இடத்தில் கோடும் இல்லை.

கொம்பையா காலைப் பார்த்தார், கீறலைப் பார்த்தார், அப்புறம் சடையனைப் பார்த்தார்.

செவந்திதான் முதலில் வாயைத் திறந்தாள். அந்தக் கீறலைத் தான் குட்டியாக இருந்தபோதே பார்த்திருப்பதாகச் சொன்னாள். அப்போது அது சின்னதாக இருந்ததாம். மரம் பருக்கப் பருக்கக் கோடும் அகன்றுவிட்டதாம்.

சடையனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே பழத்தைத் துப்பியது, ஆத்திரத்தில் மரத்தை ஓர் அறை அறைந்தது, அம்மா சிரித்தது, எல்லாம் வந்தது. காலை எடுக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றான்.

"என் குட்டி இந்த மரத்தடியிலதான் கிடக்குது, அண்ணே," என்றாள் செவந்தி. "தலைக்கு மேல பழம் பழுத்துத் தொங்குது. கீறல் இருக்கேன்னு நான் ஒண்ணுகூட வாயில வைக்கல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை. சடையன் மரத்திலிருந்து காலை எடுத்தான். மினுக்கன் பக்கம் திரும்பி, "தப்பு என்மேலதான்டா தம்பி. நீ இங்கேயே இரு," என்றான். பிறகு நகத்தால் அந்தப் பட்டையை உரித்துக் கோடே தெரியாமல் தேய்த்தான். மரத்தில் ஏறிக் கிளைகளை உலுக்கினான். பழம் பொலபொலவென்று கொட்டியது. பஞ்சம் பார்த்த வாய்கள் வெட்கப்படாமல் தின்றன.

நாளாக ஆகச் செவந்தியின் மடி சுரந்தது. குட்டி எழுந்து நின்றது, நடந்தது, துள்ளவும் தொடங்கியது. ஒருநாள் அம்மா தின்பதைப் பார்த்துத் தானும் ஒரு பழத்தை வாயில் போட்டது. அடுத்த கணமே முகத்தை எட்டுக் கோணலாக்கித் "தூ!" என்று துப்பியது. கோபத்தில் மரத்தைக் கீறக் குளம்பைத் தூக்கியது.

சடையன் விழுந்தடித்து ஓடிவந்து குறுக்கே நின்றான். "கசக்குதா கண்ணு? நல்லாத் துப்பிக்கோ. மரத்துல மட்டும் கோடு போடாதே. நீ வளர்ந்த பிறகு ஒருதடவை வந்து தின்னு பாரு. அப்பவும் கசந்தா என்கிட்ட சொல்லு."

மேலே இருந்து மினுக்கன் குறிபார்த்து ஒரு பழத்தை அவன் மண்டையில் போட்டான். சடையன் அதை எடுத்து, பழக்கம் விடுமா, இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டுக்கொண்டான்.

குட்டி வயதில் துப்பியதை வளர்ந்த பிறகு ஒருதடவை ருசித்துப் பார்க்காதவன், தன் நாக்கு மாறியதை அறியாமல் ஊரில் உள்ளவர்கள்மேல் பழி போடுவான்.