விழாதவர் வீடு

"ஒரே ஒரு மனுஷன் எல்லாத்தையும் கெடுத்துட்டார், மேடம்."

டாக்டர் தனுஷ்கோடிக்கு உட்காரப் பொறுமையில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். முதியோர் மருத்துவர், ஐம்பத்தாறு வயது. எண்களில் அவருக்குக் குரு, புள்ளியியல் துறையின் ஃபர்ஹானா. டாக்டரின் மூத்த மகளைவிட இளையவர். அதில் டாக்டருக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு, வேறு வழியில்லை.

விஷயம் இதுதான். ஊர் முதியவர்களில் பாதிப் பேருக்கு நடைப்பயிற்சி வகுப்பு, மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. யார் எத்தனை முறை கீழே விழுந்தார்கள் என்று ஒரு வருடம் போனில் கேட்டுக் குறித்தார்கள். பெரும்பாலோருக்குப் பூஜ்யம். சிலருக்கு ஒன்று, இரண்டு.

வகுப்புக்கு வந்த அருளப்பன் மட்டும் பத்தொன்பது முறை விழுந்திருந்தார்.

அவரைச் சேர்த்தால் வகுப்பு வீண். விட்டுவிட்டால் வகுப்பு வெற்றி. முடிவு இன்று மாலைக்குள் வகுப்புக்குப் பணம் தருகிறவர்களுக்குப் போயாக வேண்டும். வீண் என்று போனால் வகுப்பையே மூடிவிடுவார்கள்.

"அவரை மட்டும் எடுத்துடலாம் மேடம்."

"எடுத்துடலாம் சார்."

சண்டைக்குத் தயாராக வந்த டாக்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அதுக்கு முன்னாடி, விழாத ஒருத்தரைப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க," என்றார் ஃபர்ஹானா.

விழாதவரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று வழியெல்லாம் பொருமினார் டாக்டர். நிமிடத்துக்கொரு முறை மணி பார்த்தார். ஆட்டோக்காரரை விரட்டினார்.

பட்டியலில் பூஜ்யம் என்றிருந்த பொன்னுத்தாய் வகுப்பில் இல்லாத பாதியைச் சேர்ந்தவர். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அவர் மகன் வாசலுக்கே வந்து வரவேற்றார். முகத்தில் பெருமை.

"அம்மா ஒரு தடவைகூட விழல சார். விழ விட்டாத்தானே."

உள்ளே பொன்னுத்தாய் நாற்காலியில் இருந்தார். இடுப்பைச் சுற்றி ஒரு துண்டு, பின்னால் முடிச்சு. ஒருநாள் லேசாகத் தடுமாறியதிலிருந்து இப்படித்தானாம். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிற வீடு, மகனையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது.

மாதாமாதம் போன் செய்தது டாக்டரேதான். விழுந்தாங்களா என்பார். இல்லை என்பார் மகன். அத்தோடு டாக்டர் போனை வைத்துவிடுவார்.

பொன்னுத்தாய் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொல்லை வரைக்கும் ஒரு நடை கூட்டிட்டுப் போறீங்களா சாமி?"

முடிச்சு லேசில் அவிழவில்லை. டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. மணி பார்ப்பதை மறந்து, அந்த அம்மாளைக் கொல்லை வரை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார். துண்டைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் திரும்பியபோது துறையில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அருளப்பனின் பெயர் தயாராக இருந்தது. ஃபர்ஹானாவின் விரல் அழிக்கிற பொத்தானின்மேல்.

"எடுத்துடட்டுமா சார்?"

"வேண்டாம் மேடம்."

"வகுப்பை மூடிடுவாங்களே."

டாக்டர் அன்று முதல்முறையாக உட்கார்ந்தார்.

"அவகாசம் கேட்டிருக்கேன். குடுப்பாங்களா தெரியல. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய், யார் நடக்கிறாங்கன்னு பாக்கணும்."

"அருளப்பன் வீட்டுக்கும்தானே?"

"போயிட்டுத்தான் வரேன். வீடு பூட்டியிருக்கு. முட்டியில கட்டோட மீன் வாங்கப் போயிருக்காராம்."