இரண்டு ஆள் வேலை

"இங்க வந்தும் தனியாத்தான் இருக்கேன், அம்மா," என்றார் அறவாழி.

திலகவதியம்மா அவரைவிட வயதில் இளையவர். மலையடிவாரத்தில் சின்னதாக ஓர் ஆசிரமம் நடத்திவந்தார். மனைவி இறந்தபின் வீட்டைப் பூட்டிவிட்டு அறவாழி அங்கே வந்து சேர்ந்திருந்தார்.

அம்மா வாசலைக் காட்டினார்.

கேட்டிலிருந்து வாசல்வரை வண்டிப் பாதை. பழைய கான்கிரீட், மழையில் வழுக்கும். அதன்மேல் பரப்புவதற்குப் பொடிக் கூழாங்கல், மணல், அவற்றை ஒட்டவைக்கும் ரெசின் பசை எல்லாம் வந்து இறங்கியிருந்தன. கலக்கும் மிஷினும் நின்றது.

"அதைப் போட்டு முடிங்க ஐயா."

சாமானை இறக்கியவர் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். "ரெண்டு ஆள் வேணுங்க. ஒருத்தர் கலக்கணும், ஒருத்தர் பரப்பித் தேய்க்கணும். இறுகவைக்கிற ஹார்டனரை ஊத்திட்டா ரெசின் யாருக்காகவும் காத்திருக்காது."

"நானே பாத்துக்குவேன்," என்றிருந்தார் அறவாழி.

ஈரம் பட்டால் ரெசின் நுரைத்துவிடும். கல்லைத் தார்ப்பாயில் கொட்டி நன்றாகக் காயவிட்டார். பிறகு ரெசினில் ஹார்டனரை ஊற்றிக் கலக்கினார். கல்லும் மணலும் மிஷினில் சுழல, அதன்மேல் விட்டார். ஒவ்வொரு கல்லும் நனைந்து மினுங்கியது.

கலவையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பாதையில் கொட்டினார். பரப்பினார். மண்டியிட்டுக் கரணையால் தேய்த்தார். எழுந்து ஓடி அடுத்த கலவையைப் போட்டார். திரும்பி வருவதற்குள் முதலில் போட்டதன் ஓரம் இறுகிவிட்டது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் மிஷினில் இருந்தது பாறையாகிவிட்டது.

அம்மா படியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கிட்டே இருந்தீங்களே!"

"நீங்க கூப்பிடலையே ஐயா."

"கூப்பிடணுமா? பாத்தா வரவேண்டாமா?"

அம்மா மடியிலிருந்த தொலியை உதறினார்.

"உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப கூட யாரு இருந்தாங்க?"

"நான் மட்டும்தான். ஒருத்தர் எட்டிப் பாக்கலை. அவ கூடப்பிறந்த தங்கச்சிகூட வரலை."

"யார்கிட்ட சொன்னீங்க?"

அறவாழி கரணையைக் கீழே வைத்தார்.

"எதுக்கு மத்தவங்களுக்குத் தொந்தரவுன்னு..."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

பாதையிலும் மிஷினிலும் இறுகியதை உளியால் கொத்தி எடுக்க நாட்கள் ஆயின. யாரும் வரவில்லை. அவரும் யாரையும் தேடவில்லை. கொத்தக் கொத்த அந்த வார்டுதான் கண்ணில் நின்றது. எதிர்க்கட்டிலுக்கு வேளாவேளைக்குத் தூக்குவாளியில் சோறு வரும். ஆளுக்கொருவர் மாறி மாறி உட்கார்ந்திருப்பார்கள். இவர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருப்பார்.

மீதியிருந்த கல்லை மறுபடி காயவைத்தார். ஹார்டனரைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஊற்றினார்.

மிஷின் சுழன்றது. கல் மினுங்கத் தொடங்கியது.

"அம்மா!" என்று கத்தினார். "என்னால தனியா முடியலை. வாங்க!"

கதவு திறந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கரணையோடு அம்மா வந்தார். அறவாழி கொட்டக் கொட்ட மண்டியிட்டுத் தேய்த்தார்.

வெயில் சாயும்போது பாதை வாசலைத் தொட்டது.

அறவாழி காலி வாளியோடு நின்றார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து சொல்லியிருந்தா எல்லாரும் வந்திருப்பாங்களா, அம்மா?"

அம்மா கரணையைத் துடைத்தார்.

"இனி அது தெரியாதுங்க ஐயா."