சங்கிலியில் கிடந்த செவலை

காட்டோரக் குளத்தருகே ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது. செவலை என்னும் நாய்தான் அதற்குக் காவல். ஒரு காலத்தில் நரிகளுக்கெல்லாம் சிம்ம சொப்பனம்! இப்போதோ சங்கிலியில் கட்டுண்டு, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதுகில் ஓயாத அரிப்பு. பின்னங்கால் வேறு நொண்டியது.

"வர்ற சந்தை வரைக்கும் பாக்கறேன். தேறலைன்னா எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுட வேண்டியதுதான்" என்று பட்டிக்காரர் செங்கோடன் சொன்னது அதன் காதில் விழுந்தது. பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு எங்கே போவது?

அக்கம்பக்கத்து விலங்குகள் வைத்தியம் பார்க்கக் கிளம்பின. கூப்பிடாமலே வரும் வைத்தியர்களுக்கு எங்கேதான் பஞ்சம்?

"பசி இல்லையா? வேப்பங்கொழுந்தைத் தின்னு!" என்றது வெள்ளாடு. செவலை தின்றது. வாந்திதான் வந்தது.

"அரிப்புதானே? நன்றாக நனை! எனக்கு ஒருநாளாவது அரித்திருக்கிறதா?" என்று வாத்து குளத்தில் முங்கி வந்து அதன் மேல் சிறகை உதறியது. அரிப்பு இரட்டிப்பானது.

"கால்தானே? இழுத்துவிட்டால் சரியாகிவிடும்!" என்று குரங்கு காலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தது. செவலை போட்ட கூச்சலில் குரங்கே பயந்து மரத்தில் ஏறிக்கொண்டது.

கடைசியாக மைனா வந்தது. சரியான வாயாடி. அது மருந்து எதுவும் கொண்டுவரவில்லை.

"எங்கே படுக்கிறாய்?"

"இதோ, இந்த ஈரக் குழியில்தான். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது."

"முன்பு?"

"பாறை மேல், ஆட்டுக்குட்டிகளோடு."

"கடைசியாக எப்போது ஓடினாய்?"

செவலை யோசித்துப் பார்த்தது. "கம்பிவேலி போட்ட பிறகு காவலே வேண்டாம் என்று கட்டிப்போட்டுவிட்டார். யாரும் என் பக்கம் வருவதில்லை." இதை இதுவரை யாருமே கேட்டதில்லை.

மைனா மற்றவர்களிடம் சீறியது. "ஈரம் தோலைக் கெடுத்தது, சங்கிலி காலைக் கெடுத்தது, தனிமை பசியைக் கெடுத்தது! நீங்கள் வயிற்றையும் தோலையும் காலையும் பார்த்தீர்கள். செவலையைப் பார்த்தீர்களா?"

"சங்கிலியை அவிழ்க்க மனிதக் கை வேண்டுமே!" என்றது வாத்து.

"அவிழ்க்க வைப்பது என் பொறுப்பு!" என்றது வெள்ளாடு.

மறுநாள் காலை பட்டிக் கதவு திறந்ததுதான் தாமதம், வெள்ளாடு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு காட்டை நோக்கிப் பாய்ந்தது! செங்கோடன் துரத்தினார். குட்டிகள் ஆளுக்கொரு பக்கம் போக்குக் காட்டின. மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர் சங்கிலியை அவிழ்த்தார். "ஓடுடா செவலை! மடக்கிட்டு வாடா!"

செவலை நொண்டி நொண்டித்தான் ஓடியது. கொஞ்ச தூரத்தில் காலுக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. குட்டிகளை வளைத்து ஓட்டிவந்து, வட்டிலில் கிடந்த சோற்றைப் பருக்கை விடாமல் நக்கித் தீர்த்தது.

செங்கோடன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "கட்டிப்போட்டு நானேதான் உன்னை நோயாளி ஆக்கிட்டேனாடா?"

அன்றே தொட்டியின் ஓட்டையை அடைத்தார். கால்நடை மருத்துவரிடம் களிம்பு வாங்கி வந்து முதுகில் தடவினார். சங்கிலியைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டார்.

சாயங்காலம் செவலை பாறை மேல் படுத்திருந்தது. குட்டிகள் அதன் மேல் சாய்ந்திருந்தன. 'அப்பாடா!' என்று அது விட்ட பெருமூச்சில் ஒரு குட்டி விழித்துக்கொண்டது.

"நான் இழுத்துவிட்டதால்தான் குணமாயிற்று!" என்று மரத்திலிருந்து குரங்கு கத்தியது. செவலை சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டது.

வலிக்கும் இடத்தை மட்டும் பார்ப்பவரால் நோய் தீராது. அந்த உயிர் உண்பதையும் உறங்குவதையும் உறவாடுவதையும் சேர்த்துப் பார்ப்பவரே அதைக் காப்பாற்றுவார்.