மைனாவுக்குக் கேட்ட பனைமட்டை

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஓர் அண்டங்காக்கை. பல வருடங்களாக நான் இதை முழுதாக நம்பவில்லை. எந்த இடத்தில் சந்தேகம் என்றும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு கோடையில், காட்டில் ஒரே குளம்தான் மிஞ்சியது. சுற்றிலும் உயரமான நாணல்; உள்ளே வருவது யாரென்று கண்ணுக்குத் தெரியாது, ஓசை மட்டும்தான் கேட்கும். வற்றிய ஆற்றிலிருந்து முதலை எப்போது வேண்டுமானாலும் அதற்குள் ஊர்ந்து வரலாம். அதனால் மிருகங்கள் கூடி, கேட்டதை மறக்காத மைனாவைக் காவலுக்கு வைத்தன. மானும் பன்றியும் யானையும் எருமையும் அதன் முன்னால் நடந்து காட்டின. நண்பர்களின் ஓசை இது என்று மைனா படித்துக்கொண்டது. முதலையை யார் அழைத்து வருவது? முதலை ஊரும் ஓசை இதுதான் என்று நரி ஒரு பனைமட்டையைத் தரையில் இழுத்துக் காட்டியது.

மறுநாள் ஓர் உடும்பு தாகத்தோடு வந்தது. வயிற்றில் முட்டை, வால் தரையில் உரசியது.

"முதலை!" என்று கத்தியது மைனா.

எருமை கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்தது. உடும்பு உயிர் தப்பியதே பெரிது. அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதிதான். நாக்கு உலர்ந்துபோய், தூரத்தில் நின்றபடியே முறையிட்டது.

நரி சிரித்தது. "மைனாவுக்கு உன்மேல் என்ன பகை, தங்கச்சி? அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது."

"பகை இல்லைதான் அண்ணே. ஆனால் பாடம் நடத்தியபோது என்னைக் கூப்பிடவில்லையே. மட்டையைத்தானே கூப்பிட்டீர்கள்?"

எருமைக்குக் குழப்பமாக இருந்தது. மைனாவுக்கு அதைவிடக் குழப்பம். கற்றுக்கொடுத்ததைத்தானே சொல்கிறேன் என்றது. பாடம் முடிந்துவிட்டது என்று எல்லாம் கலைந்தன.

அன்று மாலை மான்குட்டியின் காலில் முள் தைத்தது. காலை இழுத்து இழுத்து அது நாணலுக்குள் வந்தது. மைனா மறுபடி முதலை என்று கத்தியது. எருமை பாய்ந்தது. தாய்மான் அலறிக்கொண்டு குறுக்கே விழுந்ததால், கொம்பு நூலிழையில் விலகிப்போனது.

உடனே எல்லாம் உடும்பைத் தேடிப் போய் அழைத்து வந்தன. அது மைனாவின் முன்னால் ஊர்ந்து காட்டியது. பின்னாலேயே ஆமை, பாம்பு, நொண்டிக் குரங்கு. கொஞ்ச நேரப் பாடம்தான். உடும்பு வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

எல்லோருடைய காலடியையும் கேட்டுப் பழகாத காவல் யாருக்கும் காவல் அல்ல என்று சொல்லித்தான் காக்கை கதையை முடிக்கும். நல்ல நீதிதான். ஆனாலும் போன வாரம் அதனிடம் கேட்டேவிட்டேன்:

"அந்த முள் மட்டும் தைக்காமல் இருந்திருந்தால், உடும்பை யார் கூப்பிட்டிருப்பார்கள்?"