பால் வெள்ளைப் பலகை

“இதையும் இறக்கத்தான் போறாங்க, பாவம்.”

படியோரம் யாரோ சொன்னது, மாதிரிச் சுவர்ப் பலகையைத் தோளில் தாங்கி ஏறிக்கொண்டிருந்த ஆரோக்கியத்தின் காதில் விழுந்தது. தொழிற்சாலையில் செய்து, கட்டடத்தின் வெளிப்புறத்தில் அப்படியே மாட்டுகிற பலகை அது. கட்டடத்தில் லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை. ஆர்க்கிடெக்ட் சந்திரசூடனோ, வெயிலில் பார்த்தால்தான் நிறம் தெரியும் என்று ஒவ்வொரு மாதிரியையும் மொட்டைமாடிக்கு வரவழைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஆரோக்கியத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. “இதுவும் போனா ஆர்டரே போச்சு. நாளைக்கு யாருக்கும் வேலை இல்லை” என்று தொழிற்சாலை முதலாளி வேறு சொல்லியனுப்பியிருந்தார்.

மாடியில் நிறுத்திவைத்த பலகையைச் சந்திரசூடன் ஒரு பார்வைதான் பார்த்தார். “நான் கேட்டது பால் வெள்ளை. இதுவும் பழுப்படிக்குது. உங்க ஆளுங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?”

“கண்ணு இருக்குங்க சார். கண்ணாடிதான் இல்லை.” ஆரோக்கியம் மூச்சு வாங்கியபடி கையை நீட்டினார். “நீங்க போட்டிருக்கிற கூலிங் கிளாஸை ஒருநாள் கடன் கொடுங்க. பெயிண்ட் கலக்குறவர் அதைப் போட்டுக்கிட்டுக் கலக்கட்டும். நீங்க கேக்குற வெள்ளை வந்துடும்.”

பக்கத்தில் நின்ற மேஸ்திரி சிரிப்பை மறைக்க, இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

சந்திரசூடன் கண்ணாடியைக் கழற்றினார். வெயிலில் கண் கூச, பலகையை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு மேஸ்திரியிடம் பேனாவை வாங்கி, பலகையின் ஓரத்தில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.