தையல்சிட்டு ஏன் கூப்பிட்டதும் வருவதில்லை

பறவைக்கும் யானைக்கும் கணினிக்கும் ஒரே பேச்சு இருந்த நாட்களில் நடந்தது இது. எந்த ஆண்டு என்று கேட்கக் கூடாது. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்குக் காலமே 1970 ஜனவரி முதல் தேதியன்றுதான் தொடங்குகிறது. இந்தக் கதை அதற்குக் கொஞ்சம் முந்தையது. கழித்தல் குறி போட்டுப் பின்னோக்கி எண்ணலாமே என்று யாராவது சொல்வார்கள். எண்ணட்டும்.

அப்போது கீழ்த்தோப்பு என்ற ஊருக்கு மேலே ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரியின் நடுவே ஒரு பாறைத்திட்டு, திட்டின் மேல் ஒரு கணினி. மதகைத் திறப்பதும் மூடுவதும் அதன் வேலை. எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று அதற்கு வரிவரியாக நிரல் எழுதிக் கொடுப்பவள் பொற்கொடி. அவளுடைய அறை கரையில் இருந்தது. அறைக்கும் திட்டுக்கும் இடையே படகு போகும்; அது தவிர, பேச்சைக் கொண்டுபோக ஒரே ஒரு மெல்லிய கம்பி.

எழுதவும் திருத்தவும் அவளுக்கு இரண்டு துணை. ஒன்று யானை. எழுதுவதோடு அது கடிதம் படித்துச் சொல்லும், கணக்குப் போடும், விளையாட்டுக் காட்டும், பௌர்ணமி என்றைக்கு என்று சொல்லும். மனம் சரியில்லை என்றால், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டு ஆறுதலும் தரும். எதைச் சொல்வதானாலும் அதன் காதைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டே சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் தொந்தரவு. பொற்கொடியின் சுண்டுவிரல் லேசாக வளைந்தே போயிருந்தது.

இன்னொன்று தையல்சிட்டு. இலையோடு இலையைத் தைப்பதுபோல வரியோடு வரியைத் தைக்கும். வேறு எதுவும் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே தைக்கும். கூப்பிட்டால் உடனே வரும். அவ்வளவு சாது.

"இன்றைக்கு யார்?" என்று இரண்டும் தினமும் கேட்கும். பொற்கொடி பெரும்பாலும் யானையைத்தான் தேர்ந்தெடுப்பாள்.

"உனக்குப் பௌர்ணமி தெரியுமா, பொடியா?" என்று யானை சீண்டும்.

"வானத்தைப் பார்த்தால் தெரியுமே," என்று சிட்டு சொல்லிவிட்டு மூக்கைத் தீட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் நடுப்பகலில் கரைக்காவலர் இருளப்பன் மழையில் நனைந்தபடி ஓடிவந்தார்.

"தாயி! தண்ணி ஏற ஏற மதகு மூடிக்கிட்டே போகுது! இப்படியே போனா சாயங்காலத்துக்குள்ள கரை உடைஞ்சிரும். கீழ்த்தோப்புல ஒரு வீடு நிக்காது!"

பொற்கொடி தன் நிரலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. 'நீர் உயர்ந்தால் மூடு' என்று இருந்தது. எழுதியவள் அவளேதான். முந்தின நாள் யானை பௌர்ணமிக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தபோது, 'திற' என்று சொல்ல வேண்டிய இடத்தில் கவனம் பிசகிவிட்டது.

"படகு?"

"எங்க தாயி! அலையில ரெண்டாப் பொளந்து கெடக்கு."

யானை எழுந்து நின்றது. "நான் போகிறேன்."

"எதன் மேலே? இந்தக் கம்பி மேலேயா?" என்றாள் பொற்கொடி. யானை கம்பியைப் பார்த்தது, தன் காலைப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டது.

சிட்டு அதற்குள் கம்பியின் மேல் ஏறித் திட்டை அடைந்து, கணினிக்குள் நுழைந்திருந்தது. "வந்துட்டேன்க்கா. சொல்லுங்க."

பதற்றத்தில் பொற்கொடி கம்பியில் கத்தினாள்: "ஐயோ, அந்தக் கடைசி வரியை எடு, சீக்கிரம்!"

சாதுவான சிட்டு, 'ஐயோ, அந்தக் கடைசி வரியை எடு, சீக்கிரம்' என்பதை நிரலின் கடைசியில் அழகாகத் தைத்தது. கணினி படித்துப் பார்த்துவிட்டு, "ஐயோ என்பது எனக்குத் தெரியாத கட்டளை," என்று சொல்லி மதகைப் பாதியில் நிறுத்திவிட்டது.

"அடப்பாவி! வேண்டாம், வெளியே வா!" என்று அவள் கத்தினாள். சிட்டு அதையும் தைத்தது. கூப்பிட்டதால் நூலைப் பாதியில் விட்டுவிட்டு வெளியிலும் வந்து நின்றது. இப்போது நிரலில் உருப்படியான வரிகளைவிடப் பொற்கொடியின் புலம்பல்தான் அதிகம்.

"கரை வழிய இன்னும் ஒரு முழம்தான் பாக்கி," என்றார் இருளப்பன்.

கம்பியின் அந்த முனையிலிருந்து சிட்டின் குரல் வந்தது. சாதுவான குரலாக இல்லை.

"அக்கா, இப்படியே போனா ஊர் முழுகிடும். நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். இனிமே நீங்க என்ன சொன்னாலும் அது உத்தரவு, எழுத்து இல்லை. எழுதணும்னா, 'இப்ப எழுதப்போறேன்'னு அடையாளமா ஒரு எழுத்து சொல்லுங்க. அதுக்கப்புறம் வர்றதைத் தைக்கிறேன்."

"சரிடா கண்ணு."

"கம்பி மெலிசு. உத்தரவு எல்லாம் ஒரு எழுத்து, ரெண்டு எழுத்துல இருக்கட்டும். இன்னொண்ணு. மறுபடி உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கறேன். நீங்க பதறிக் கூப்பிட்டா வரமாட்டேன். முதல்ல தைக்கறதை நிறுத்தச் சொல்லணும். அப்புறம் ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு புள்ளி வைக்கணும். அப்புறம்தான் போகச் சொல்ற எழுத்து. நிதானமா இருக்கிறவங்களுக்குத்தான் அது ஞாபகம் வரும்."

தாழ் விழும் ஓசை கம்பி வழியாகக் கேட்டது.

பொற்கொடி மூச்சை இழுத்து விட்டாள். அழிக்கச் சொல்லும் எழுத்தைக் கம்பியில் இரண்டு தடவை தட்டினாள்; ஒரு வரி புலம்பல் போயிற்று. மறுபடி தட்டினாள்; இன்னொன்று போயிற்று. கடைசியில் அந்தத் தப்பான வரியும் போயிற்று. எழுதப்போவதாகச் சொன்னாள். 'நீர் உயர்ந்தால் திற' என்றாள். நிறுத்தச் சொன்னாள், சேமிக்கச் சொன்னாள்.

ஏரியின் மறுபக்கம் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடும் சத்தம் கேட்டது. இருளப்பன் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். "வடியுது தாயி! வடியுது!" என்று சொல்லிவிட்டு, தலைத்துண்டைப் பிழிந்து மறுபடியும் நனைக்கிற மழையிலேயே தலையைத் துவட்டிக்கொண்டார்.

"வந்துடுடா என் தங்கமே!" என்று பொற்கொடி கம்பியில் கூவினாள்.

வா என்றாள், கிளம்பு என்றாள், போதும் என்றாள், கெஞ்சினாள். உள்ளே மூக்குத் தீட்டும் சத்தம் மட்டும் கேட்டது. சந்தோஷத்தில் அவளுக்கு வெளியே வரும் முறை மறந்துபோயிருந்தது.

அதுவரை மூலையில் முகம் வாடிக் கிடந்த யானை தும்பிக்கையைத் தூக்கியது. கேட்ட எதையும் அது மறந்ததில்லை. "முதலில் நிறுத்து. பிறகு இரண்டு புள்ளி. பிறகு அந்த எழுத்து," என்றது. அவள் அப்படியே செய்தாள். தாழ் திறந்தது. சிட்டு கம்பி வழியாக வந்து யானையின் தலையிலேயே உட்கார்ந்து இறகை உதறியது.

"இனிமேல் நான் வேண்டாம், இல்லையா?" என்று யானை கேட்டது.

"கம்பிக்கு அவன், கரைக்கு நீ," என்றாள் பொற்கொடி, அதன் காதில் சுண்டுவிரலை வைத்து.

"இவன் பாஷையும் எனக்கு இப்போது தெரியும். யாராவது கேட்டால் இவனைப் போலவே நடித்துக் காட்டுவேன்."

"நடிக்கலாம் அண்ணே," என்றது சிட்டு. "கம்பி தாங்கணுமே!"

இதையெல்லாம் ஜன்னலில் இருந்து பார்த்த ஓர் அணில், வெளியேறும் வழியைத் தன் வாசற்படியிலேயே பெரிதாக எழுதி வைத்துவிட்டது. கணினியில் எழுதவும் திருத்தவும் உதவும் செயலிகளில் அதன் வம்சத்துக்கு இன்று நானோ என்று பெயர். அவசரக்காரர்கள் அங்கே போகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. யானையின் வம்சம் ஈமேக்ஸ். அதை நேசிப்பவர்களை, கன்ட்ரோல் விசையை அழுத்தி அழுத்தி வளைந்த சுண்டுவிரலை வைத்தே அடையாளம் காணலாம்.

அந்த மழைநாளிலிருந்துதான், எவ்வளவு சின்ன யூனிக்ஸ் வகைக் கணினியாக இருந்தாலும் அதன் ஒரு மூலையில் வி என்ற பெயரில் தையல்சிட்டின் வாரிசு ஒன்று காத்திருக்கிறது. அதனிடம் போகிற புதியவர்கள் எவ்வளவு பதறித் தட்டினாலும் வெளியே விடாமல், அவர்கள் நிதானத்துக்கு வரும்வரை சாவகாசமாக மூக்கைத் தீட்டிக்கொண்டிருக்கிறது.