மதிய முரசும் மூன்று அயிரைகளும்

மலையும் ஏரியும் இன்றிருக்கும் இடத்திலேயே இருந்து, மனிதர்கள் மட்டும் வேறு ஆட்களாக இருந்த காலத்தில், மணவயல் என்றொரு நாடு இருந்தது. மிகச் சின்ன நாடு. அரசன் அரண்மனையில் தும்மினால் எல்லைக் காவலன் "ஆயுசு நூறு" என்பான்.

அதை நெடுவேள் என்ற அரசன் ஆண்டான். அவன் மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எட்டு வயதில் இளநகை என்றொரு மகள் இருந்தாள்.

பக்கத்து மலைநாட்டின் தலைவி வெண்கோதை. கணவனை இழந்தவள், இரண்டு மகன்களின் தாய். நெடுவேளுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் மூன்று குழந்தைகள் இருந்தார்கள்.

ஒருநாள் வெண்கோதை மணவயல் அரண்மனைக்கு வந்தாள். முற்றத்தில் மார்பளவு ஆழமுள்ள ஒரு கல்தொட்டி கிடந்தது. அரசி இருந்தபோது அதில் தாமரை பூத்தது. இப்போது சருகு கிடந்தது.

"என் மகன்கள் இருவரும் இரண்டு விதம். உங்கள் மகள் மூன்றாவது விதம். மூவரையும் ஒரே வீட்டில் வைத்து உங்களால் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டாள்.

"ஒரு நாட்டையே பார்த்துக்கொள்கிறேனே!"

"நாட்டில் ஒத்துவராவிட்டால் குடிகள் வேறு ஊருக்குப் போய்விடலாம். பிள்ளைகள் எங்கே போவார்கள்?" வெண்கோதை தொட்டியைக் காட்டினாள். "இதில் நீர் நிரப்புங்கள். பல வகை மீன்களைச் சேர்த்து விடுங்கள். விட்டதில் ஒன்றும் சாகாமல் ஒரு மாதம் இருந்தால், நான் பிள்ளைகளோடு வருகிறேன். மூன்று முறை முயன்று பாருங்கள்."

நெடுவேள் அதுவரை மீனை இலையில்தான் பார்த்திருந்தான். மறுநாளே ஏரிக்குப் போனான். அங்கே கொற்றி என்ற மீன்காரி வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"கொழம்புக்கா ராசா, வறுக்கவா?"

"வளர்க்க."

"வளக்கவா? அதுங்க பாட்டுக்கு ஏரியில வளந்துகிட்டுத்தானே கெடக்கு!"

முதல் முறை அரசன் அழகைப் பார்த்து எடுத்தான். பொன்னிறத்தில் சில கெண்டைகள், வெள்ளி நிறத்தில் சில கெண்டைகள், கம்பீரத்துக்கு முழங்கை நீள விரால் ஒன்று.

"ராசா, அந்த விராலு..." என்று கொற்றி தொடங்கினாள்.

"தலைவன் இல்லாமல் கூட்டமா?" என்றான் அரசன். கொற்றி வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் தொட்டியில் தலைவன் மட்டும் இருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான்.

இரண்டாம் முறை அரசன் வலிமையைப் பார்த்து எடுத்தான். கெளுத்திக்கு முள் உண்டு, பனையேறிக்கும் முள் உண்டு. எல்லாரிடமும் ஆயுதம் இருந்தால் எல்லாரும் அடங்கியிருப்பார்கள் என்பது அவன் கணிப்பு. பத்தே நாளில் எல்லா மீன்களின் துடுப்பும் கந்தலாயிற்று. மழையில் தொட்டி விளிம்புவரை நிறைந்த அன்று, பனையேறி ஒன்று வெளியே ஏறி, செவுளை ஊன்றி ஊன்றி நடந்து, அரசவை வாசல் வரை போய்விட்டது. அமைச்சர் அதை மிதித்துவிட்டு ஒற்றைக் காலில் நின்று அலறினார்.

"பாவம், முறையிட வந்திருக்கிறது" என்றாள் இளநகை.

மூன்றாம் முறை, கடைசி முறை, அரசன் ஏரிக்கரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். "நீயே சொல், கொற்றி."

"இப்பத்தான் என் வாயைத் தெறக்கச் சொல்றீங்க" என்றாள் அவள். "நடுத்தண்ணியில ஓடுறதுக்குக் கெண்டை எடுத்துக்குங்க. கூட்டமா இருந்தாத்தான் அதுங்களுக்குப் பயம் விடும், அதனால பத்து. அடியில கெடக்க அயிரை ஆறு. ஒண்ணு வழிக்கு ஒண்ணு போகாது. ஒளிஞ்சுக்கக் கல்லு போடுங்க, நெழலுக்குக் கொடி போடுங்க."

அரசன் எல்லாம் செய்தான். நீர் தெளிந்தது. கெண்டைகள் ஒளிந்து ஒளிந்து விளையாடின. யாரும் யாரையும் கடிக்கவில்லை.

மணவயல் அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. நண்பகலில் முரசு கொட்டும். அரசன் முதல் யானைப்பாகன் வரை எல்லாரும் அந்த நொடியில் ஒன்றாக உண்ண வேண்டும். முன்னே இல்லை, பின்னே இல்லை. அதன்பின் அடுப்பு அணைந்துவிடும். எல்லாரும் சமம் என்று காட்ட முன்னோர் வைத்த வழக்கம். நெடுவேளுக்கு அதில் பெருமை அதிகம். ஆகவே மீன்களுக்கும் அப்படியே செய்தான். முரசு கொட்டியதும் தன் கையாலேயே நீர்மேல் பொரி தூவினான்.

இருபதாம் நாள் மூன்று அயிரைகள் செத்துக் கிடந்தன.

அரசன் அவற்றை உள்ளங்கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. "யார் கடித்தது?" என்றான்.

"யாரும் கடிக்கவில்லை அப்பா" என்றாள் இளநகை. "வயிற்றைப் பாருங்கள், எப்படி ஒட்டியிருக்கிறது. பசி."

"தினமும் போடுகிறேனே!"

"நீங்கள் மேலே போடுகிறீர்கள். கெண்டை எல்லாவற்றையும் தின்றுவிடும். அயிரை விளக்கு வைக்கும் நேரத்தில்தான் கல்லுக்கு அடியிலிருந்து வரும். அப்போது ஒன்றும் மிச்சம் இருக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நேரத்தில் நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்." அவள் தொட்டி விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "முரசுக்குத் தெரியாமல் அம்மா எனக்கு விளக்கு வைத்த பிறகு ஊட்டுவாள். மதியம் எனக்குப் பசிக்காது அப்பா. பசிக்கும்போது சோறு இருக்காது."

மகளின் இலை மூன்று ஆண்டுகளாகப் பாதிச் சோற்றோடே எடுக்கப்படுவதை அரசன் பார்த்திருக்கிறான். துக்கம் என்று நினைத்தான். நாளாக ஆகச் சரியாகும் என்று நினைத்தான். கேட்கத்தான் இல்லை.

அன்று அந்தியில் புண்ணாக்கை உருட்டி நீரில் போட்டான். உருண்டைகள் அடிக்குப் போயின. மிச்சமிருந்த மூன்று அயிரைகளும் மீசையால் தடவித் தடவி வெளியே வந்தன. அணைந்த அடுப்பைத் தானே மூட்டிச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினான். உப்பு அதிகம். அவள் சொல்லவில்லை, இன்னொரு கவளம் கேட்டாள்.

அமைச்சருக்கு வேறு கவலை. "அரசே, ஓர் அயிரைக்கும் இன்னோர் அயிரைக்கும் என்ன வேறுபாடு? கொற்றியிடம் மூன்று வாங்கி விட்டுவிடுவோம். தலைவி என்ன, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியா கூப்பிடப் போகிறார்?"

நெடுவேள் உடனே மறுக்கவில்லை. வெண்கோதை இந்த முற்றத்தில் நடப்பதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருந்தான். அமைச்சருக்கு அவன் பதில் சொல்லாமலே மாதம் முடிந்தது.

வெண்கோதை வந்தாள். குனிந்து எண்ணினாள். "பத்துக் கெண்டை, மூன்று அயிரை. எத்தனை விட்டீர்கள்?"

அமைச்சர் இருமினார். அரசன் அவரைப் பார்க்கவில்லை.

"அயிரை ஆறு விட்டேன். மூன்றைப் பட்டினி போட்டுக் கொன்றேன். சண்டை இல்லை என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். பசி இருந்தது தெரியவில்லை. மூன்று முறையும் தோற்றுவிட்டேன்."

வெண்கோதை தொட்டி விளிம்பிலிருந்து நிமிர்ந்தாள். பிறகு, "சொன்ன பேச்சு பேச்சுதானே" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தான் வந்த பல்லக்கில் ஏறினாள். அரசன் வாசல்வரை உடன் நடந்தான்.

"ஒன்று கேட்கலாமா? உங்கள் மனத்தை மாற்ற அல்ல. உங்கள் சின்ன மகனுக்கு எப்போது பசிக்கும்?"

வெண்கோதை திரைச்சீலையை விலக்கினாள். இப்படி ஒரு கேள்வியை இதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"விடியும் முன்பே. எழுந்ததும் ஒரு பிடி தினைமாவு வேண்டும். இல்லையென்றால் நாள் முழுக்கச் சிணுங்குவான்."

"பெரியவனுக்கு?"

"அவனுக்குப் பசியைச் சொல்லத் தெரியாது. கோபம் வரும், எதையாவது தூக்கி எறிவான். ஊரே அவனை முரடன் என்கிறது."

"எறியும் முன் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?"

வெண்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னாள்:

"கீழே இறக்குங்கள். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது."

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: பலரை ஒன்றாக வாழவைக்க விரும்புகிறவர், அவர்களுக்குள் சண்டை இல்லை என்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொருவரின் பசியையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும்.